டெக்சஸ் சட்டமன்றத்தில் ஓப்பன் கேரி மசோதாவைப் பின்தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

கைத்துப்பாக்கியை இடுப்பு உறையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு நடமாடுவது பற்றி டெக்சஸ் சட்டமன்றத்தில் மசோதா வருகிறது என்று செய்தி வந்தால் போதும், டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் வாட்ஸ்அப் குழுக்களில் "எப்ப ஓட்டு? பாஸ் ஆயிடுமா?" என்று கேள்வி பறக்கும். அங்கே பெரும்பாலான மசோதாக்கள் ஓட்டில் தோற்பதில்லை, ஓட்டுக்கே வராமல் நேரம் முடிந்து செத்துப்போகின்றன. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நேரத்தையும் வழியையும் பற்றியது. நீங்கள் ஆதரவா எதிர்ப்பா என்பது உங்கள் விஷயம், படிகள் இருவருக்கும் ஒன்றுதான். உதாரணத்துக்கு 2015இல் வந்த எச்.பி. 910, 2021இல் வந்த எச்.பி. 1927 இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். (எச்.பி. என்றால் கீழவையான ஹவுஸில் பதிவான மசோதா, எஸ்.பி. என்றால் மேலவையான செனட்டில் பதிவான மசோதா.) முதலாவது லைசென்ஸ் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரிய வைக்க அனுமதித்தது. இரண்டாவது, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாத, 21 வயது நிரம்பியவர்களுக்கு லைசென்ஸே வேண்டாம் என்றது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் நாள் கணக்கு. டெக்சஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும்தான். ஜனவரி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை தொடங்கி 140 நாள். அங்கே தேதியைவிட "எத்தனையாவது நாள்" என்பதுதான் முக்கியம், எல்லாக் கெடுவும் அந்த எண்ணில்தான் ஓடும். ஒரு காலண்டரில் 1 முதல் 140 வரை எண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 60, 119, 122, 134 இந்த நான்கையும் சிவப்பில் வட்டமிடுங்கள், ஏன் என்று கீழே வரும்.

அடுத்து, டெக்சஸ் லெஜிஸ்லேச்சர் ஆன்லைன் தளத்தில் ஒரு கணக்கு. காசு கிடையாது. மசோதா எண்ணைக் கொடுத்துவிட்டால் அது நகரும்போதெல்லாம் மின்னஞ்சல் வரும்.

அப்புறம் உங்கள் முகவரிக்கு யார் ஹவுஸ் உறுப்பினர், யார் செனட்டர் என்று தெரிந்து வையுங்கள். ஹவுஸில் 150 பேர், செனட்டில் 31 பேர். வாஷிங்டனில் இருக்கும் காங்கிரஸ் உறுப்பினருக்குப் போன் போட்டுப் பயனில்லை, இது மாநில விஷயம். சிரிக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் அங்கே போன் போட்டுவிட்டு வந்து நிற்பார்.

கடைசியாக, இப்போது இருக்கும் சட்டத்தைப் படித்துவிடுங்கள். தண்டனைச் சட்டத்தின் 46ஆவது அத்தியாயம் ஆயுதங்கள் பற்றியது, அரசுச் சட்டத்தின் 411ஆவது அத்தியாயத்தில் லைசென்ஸ் விதிகள் இருக்கின்றன. மசோதா என்பது முழுச் சட்டம் இல்லை, இருக்கிற சட்டத்தில் என்ன மாறுகிறது என்பது மட்டும்தான்: அடிக்கோடிட்டது புதிதாகச் சேர்வது, நடுவில் கோடு கிழித்தது நீங்குவது. பழைய பிரிவு தெரியாமல் மசோதாவை மட்டும் படித்தால் பாதி புரியாது. ரைபிள் போன்ற நீளத் துப்பாக்கிகளை வெளியே தெரிய எடுத்துப்போக 2015க்கு முன்பே லைசென்ஸ் தேவைப்படவில்லை, மசோதாக்கள் பேசியது கைத்துப்பாக்கியைப் பற்றித்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் வாதம் செய்யப் போனால் எதிர்த்தரப்பு ஒரே வாக்கியத்தில் உட்கார வைத்துவிடும்.

2. மசோதா பதிவாகும் கட்டம்: எண்ணையும் தலைப்பு வாசகத்தையும் பாருங்கள்

நவம்பர் பொதுத் தேர்தல் முடிந்து வரும் முதல் திங்கட்கிழமை முதலே உறுப்பினர்கள் மசோதாவைப் பதிவு செய்யத் தொடங்கலாம். சாதாரண மசோதாக்களுக்கு 60ஆவது நாள்தான் கடைசி. முதல் வாரத்தில் ஒரே விஷயத்துக்கு நான்கைந்து மசோதாக்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் பதறாதீர்கள். ஒரு உறுப்பினர் தன் தொகுதிக்குக் கணக்குக் காட்டப் பதிவு செய்வதும் உண்டு.

எது ஓடக்கூடிய குதிரை என்று எப்படித் தெரியும்? எண்ணைப் பாருங்கள். சிறிய எண்கள் தலைமையின் முன்னுரிமைகளுக்கு ஒதுக்கப்படுவது வழக்கம். 2015இல் செனட்டில் ஓப்பன் கேரி எஸ்.பி. 17 ஆகவும், பல்கலைக்கழக வளாகத்தில் துப்பாக்கி பற்றியது எஸ்.பி. 11 ஆகவும் வந்தன. அந்த எண்களே துணை ஆளுநர் டான் பேட்ரிக் இதை நகர்த்தப் போகிறார் என்று சொல்லிவிட்டன.

ஒரே விஷயம் இரண்டு அவைகளிலும் தனித்தனி எண்ணில் இருக்கும். இரண்டையும் பின்தொடருங்கள். 2015இல் எஸ்.பி. 17 மார்ச் நடுவிலேயே செனட்டில் 20க்கு 11 என்று நிறைவேறியது, செனட்டர் கிரெய்க் எஸ்டெஸ் கொண்டுவந்தது. ஆனால் கடைசியில் சட்டமானது லாரி பிலிப்ஸ் ஹவுஸில் கொண்டுவந்த எச்.பி. 910. எஸ்.பி. 17க்கு மட்டும் மின்னஞ்சல் போட்டுவைத்தவர்கள் கடைசியில் சட்டமான மசோதாவின் நகர்வுகளைத் தவறவிட்டிருப்பார்கள்.

மசோதாவின் தலையில் இருக்கும் ஒற்றை வாக்கியத் தலைப்பு வாசகத்தையும் படியுங்கள். பின்னால் வரும் திருத்தங்கள் மசோதாவின் பொருளோடு ஒட்ட வேண்டும் என்பது விதி. விஷயம் அகலமாக இருந்தால் கதவும் அகலம்.

3. எந்தக் குழுவுக்குப் போகிறது: முதல் உண்மையான சமிக்ஞை

முதல் வாசிப்பு என்பது பெயரளவுக்குத்தான். தலைப்பைப் படித்து, ஹவுஸில் சபாநாயகரும் செனட்டில் துணை ஆளுநரும் ஏதோ ஒரு குழுவுக்கு அனுப்புவார்கள். எந்தக் குழு என்பதில்தான் விஷயமே இருக்கிறது, அந்தக் குழுத் தலைவர் விசாரணைக்கு எடுக்காவிட்டால் மசோதாவுக்கு அங்கேயே சமாதி.

2021இல் எச்.பி. 1927 ஹவுஸில் உள்நாட்டுப் பாதுகாப்பு, பொதுப் பாதுகாப்புக் குழுவுக்குப் போனது. அங்கிருந்து தாண்டி செனட்டுக்கு வந்தபோது, போதுமான ஓட்டு இல்லை என்று டான் பேட்ரிக்கே வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் அரசியலமைப்பு விவகாரங்களுக்கான சிறப்புக் குழு ஒன்றை அமைத்து மசோதாவை அங்கே அனுப்பினார். வழக்கமாகப் போகும் குழுவை விட்டுவிட்டு புதுக் குழு பிறக்கிறது என்றால் தலைமை அந்த மசோதாவை விரும்புகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் 60 நாளில் ஆளுநர் அவசரம் என்று அறிவிக்காத மசோதாக்களை அவையில் நிறைவேற்ற முடியாது, ஐந்தில் நான்கு பங்கு பேர் ஒத்துக்கொண்டால்தான் விதிவிலக்கு. எனவே ஜனவரி, பிப்ரவரியில் "ஏன் ஓட்டு நடக்கவில்லை" என்று கேட்பதில் அர்த்தமில்லை. அந்த நேரத்தைக் குழு உறுப்பினர்களின் அலுவலகங்களோடு பேசப் பயன்படுத்துங்கள். உறுப்பினரே கிடைக்கவில்லை என்று வருத்தப்பட வேண்டாம், அவருக்கு மசோதாவைப் படித்துச் சொல்லும் உதவியாளரிடம் ஐந்து நிமிடம் பேசினாலே அதிகம்.

4. பொது விசாரணை: நீங்கள் நேரடியாகக் கைவைக்கக்கூடிய ஒரே இடம்

நானும் சிலரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

ஹவுஸில் பொது விசாரணைக்கு ஐந்து நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். செனட்டில் 24 மணி நேரம்தான். செனட் விசாரணைக்கு வேலையில் லீவு சொல்லக்கூட நேரம் இருக்காது, அதனால் மசோதா ஹவுஸைத் தாண்டிய அன்றே செனட்டில் பேச வேண்டியதைத் தயார் செய்துவிடுங்கள்.

பேசப் பதிவு செய்வது ஆஸ்டினில் கேபிடல் கட்டடத்தில் இருந்தபடிதான். குழு அறைகள் பெரும்பாலும் தரைக்குக் கீழே உள்ள விரிவாக்கப் பகுதியில், இ1, இ2 என்று தொடங்கும் எண்களோடு இருக்கும். அங்கே வைத்திருக்கும் கணினிகளிலோ, கட்டட வைஃபையில் உங்கள் போனிலோ பதிவு செய்யலாம். வீட்டிலிருந்தே பதிவு போட்டுவிட்டு மெதுவாகக் கிளம்பலாம் என்ற திட்டம் நடக்காது. நேரில் போக முடியாத டெக்சஸ்வாசிகளுக்கு ஹவுஸ் தளத்தில் எழுத்தில் கருத்து அனுப்பும் வசதி உண்டு, ஆனால் அது மேசையில் உட்கார்ந்து பேசுவதற்கு ஈடாகாது.

பதிவில் மூன்று தேர்வுகள் இருக்கும்: ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலையாகத் தகவல் சொல்வது. கூடவே பேசப் போகிறீர்களா, நிலைப்பாட்டை மட்டும் பதிக்கிறீர்களா என்றும் கேட்கும். கூட்டம் அதிகமாக இருந்தால் பேசாமல் நிலைப்பாட்டை மட்டும் பதித்துவிட்டு வரலாம், பெயர் சாட்சிப் பட்டியலில் வரும். உங்கள் பெயரிலா ஒரு அமைப்பின் பெயரிலா என்ற கட்டத்தைச் சரியாக நிரப்புங்கள். சங்கத்தில் உறுப்பினர் என்பதாலேயே சங்கத்தின் சார்பில் பேச முடியாது, இதனால் பிறகு சண்டை வந்த சங்கங்கள் உண்டு.

துப்பாக்கி மசோதா விசாரணை நடுராத்திரி வரை இழுக்கும். சாப்பாடு, சார்ஜர், பார்க்கிங் மூன்றையும் யோசித்துவிட்டுப் போங்கள். கையில் கிடைப்பதோ இரண்டு அல்லது மூன்று நிமிடம். எழுதி வந்ததை அப்படியே படித்தால் இரண்டாவது பத்தியில் மணி அடித்துவிடும். எழுத்துப் பிரதியை எழுத்தரிடம் கொடுத்துவிட்டு, வாயால் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்: எந்தப் பிரிவு, எந்த வரி, அது யாரை எப்படிப் பாதிக்கும். "துப்பாக்கி கெட்டது", "துப்பாக்கி உரிமை" என்று உங்களுக்கு முன்னால் நாற்பது பேர் சொல்லியிருப்பார்கள், உறுப்பினர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இந்தப் பிரிவில் சின்னக் கடைக்காரர் எந்த அறிவிப்புப் பலகையை மாட்டுவது என்று தெளிவில்லை" என்று சொல்லிப் பாருங்கள், நிமிர்வார்.

மசோதாவைக் கொண்டுவந்தவர் விசாரணை அன்றே முழுக்கத் திருத்தி எழுதிய மாற்று வடிவத்தை வைப்பது இங்கே சகஜம். நீங்கள் பழைய வடிவத்தின் மூன்றாவது பக்கத்தைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள், அந்தப் பக்கமே மாற்று வடிவில் இருக்காது. முந்தைய நாள் மாலை மசோதா ஆசிரியரின் அலுவலகத்துக்குப் போன் செய்து "நாளைக்கு மாற்று வடிவம் வருகிறதா?" என்று கேளுங்கள். பலர் அனுப்பிவைப்பார்கள்.

விசாவில் இருப்பவர்கள் பேசலாமா என்று நம்மவர்கள் கட்டாயம் கேட்பார்கள். பதிவுப் படிவத்தில் குடியுரிமை கேட்பதில்லை. ஆனால் எச்1பி போன்ற குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர. மாநிலம் எவ்வளவு தளர்த்தினாலும் அது மாறாது. "டெக்சஸில்தான் லைசென்ஸ் வேண்டாமே" என்று கடைக்குக் கிளம்புவது வேலைக்கும் விசாவுக்கும் சேர்த்து வேட்டு.

பேச்சுகள் முடிந்ததும் தலைவர் மசோதாவை நிலுவையில் வைப்பதாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவார். தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை. அன்றே ஓட்டெடுப்பது அரிது.

5. குழு ஓட்டும் காலண்டர்ஸ் கமிட்டியும்

குழுவின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை ஓட்டு விழுந்தால் அறிக்கையோடு வெளியே வரும். ஹவுஸ் மசோதாக்களை ஹவுஸ் குழுக்கள் வெளியே அனுப்ப 119ஆவது நாள்தான் கெடு.

குழுவைத் தாண்டியதும் இனிப்பு கொடுக்கத் தொடங்காதீர்கள். ஹவுஸில் காலண்டர்ஸ் கமிட்டி என்று ஒன்று இருக்கிறது, எது எந்த நாளில் அவைக்கு வரும் என்று தீர்மானிப்பது அதுதான். அங்கே பொதுமக்கள் பேச முடியாது. ஹவுஸ் மசோதா இரண்டாவது வாசிப்புக்கு வர 122ஆவது நாள் கடைசி. மே முதல் வாரத்தில் வரிசையின் அடியில் மாட்டிய மசோதா பெரும்பாலும் எழுந்திருக்காது. இந்தக் கட்டத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான்: உங்கள் உறுப்பினர் வழியாகக் கமிட்டித் தலைவருக்குத் தகவல் போகச் செய்வது.

6. அவையில்: இரண்டாவது வாசிப்புதான் போர்க்களம்

விவாதம், திருத்தங்கள், முக்கிய ஓட்டு எல்லாம் இரண்டாவது வாசிப்பில். சாதாரணப் பெரும்பான்மை போதும். மூன்றாவது வாசிப்பு வேறொரு நாளில் நடக்கும், அங்கே திருத்தம் செய்ய மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எனவே உங்களுக்கு ஒரு திருத்தம் வேண்டுமென்றால் இரண்டாவது வாசிப்புக்கு முன்பே ஒரு உறுப்பினரிடம் வாசகத்தோடு போயிருக்க வேண்டும். எச்.பி. 1927 ஹவுஸில் 2021 ஏப்ரல் 15 அன்று இரண்டாவது வாசிப்பைத் தாண்டி, மறுநாளே 84க்கு 56 என்று இறுதியாக நிறைவேறியது. செய்தியில் முதல் நாள் ஓட்டைப் பார்த்துவிட்டு "திருத்தம் கொண்டுவரச் சொல்லலாம்" என்று கிளம்பியவர்களுக்குக் காலம் கடந்துவிட்டது.

எதிர்ப்பவர்களின் பெரிய ஆயுதம் ஒழுங்குப் பிரச்சினை, அதாவது விதி மீறப்பட்டிருக்கிறது என்று அவையில் எழுப்பும் ஆட்சேபம். சாட்சிப் பட்டியலில் பிழை, குழுக் குறிப்பில் நேரம் தவறு, மசோதா விளக்கக் குறிப்பு சட்டத்தைத் தப்பாகச் சொல்கிறது, இப்படி ஏதாவது கிடைத்தால் மசோதா குழுவுக்கே திரும்பிப் போகும். கெடு நெருங்கும்போது அப்படித் திரும்புவது மரணத்துக்குச் சமம். இன்னொரு ஆயுதம் நேரத்தை இழுப்பது. முன்னால் இருக்கும் சாதுவான மசோதாக்களைப் பற்றி மணிக்கணக்காகக் கேள்வி கேட்பார்கள், பின்னால் வரிசையில் நிற்பதைக் கொல்வதற்காக. அங்கே இதற்குச் சப்பிங் என்று பெயர். 2015இல் எஸ்.பி. 11 ஹவுஸில் மே 26 அன்று, அதாவது செனட் மசோதாக்களுக்கான கெடுவான 134ஆவது நாளில், நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால்தான் தப்பிப் பிழைத்தது.

மாடத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் கைதட்டவோ அட்டை தூக்கவோ கூடாது, வெளியே அனுப்பிவிடுவார்கள்.

7. செனட்டில் ஓட்டை எண்ணும் கணக்கே வேறு

செனட்டில் 31 பேர், அப்படியானால் 16 ஓட்டு போதும் என்று நினைப்பீர்கள். நிறைவேற்ற 16 போதும்தான், ஆனால் விவாதத்துக்கு எடுப்பதற்கே அதைவிட அதிகம் வேண்டும். வரிசையின் முதலில் வேண்டுமென்றே ஒரு உப்புச்சப்பில்லாத மசோதாவை நிறுத்திவைப்பார்கள், அதைத் தாண்டி வேறொன்றை எடுக்க விதியைத் தளர்த்த வேண்டும்.

பல காலம் அதற்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 21 பேர் தேவைப்பட்டது. 2015 ஜனவரியில் அதை ஐந்தில் மூன்று பங்காக, 19 ஆகக் குறைத்தார்கள். அப்போது குடியரசுக் கட்சிக்கு 20 செனட்டர்கள். பழைய விதியில் ஜனநாயகக் கட்சியினர் 11 பேரும் சேர்ந்து நின்றாலே தடுத்திருக்கலாம். 2021இல் குடியரசுக் கட்சி 18க்கு இறங்கியது, விதியும் ஒன்பதில் ஐந்து பங்காக, 18 ஆக இறங்கியது. எச்.பி. 1927 அந்த மே 5 அன்று எத்தனை ஓட்டில் தாண்டியது தெரியுமா? 18க்கு 13. ஒருவர் பின்வாங்கியிருந்தால் எடுத்திருக்கவே முடியாது.

ஆகவே, கூட்டத்தொடரின் முதல் வாரத்தில் யாரும் கவனிக்காத செனட் விதிகள் தீர்மானத்தைப் படியுங்கள். ஏப்ரலில் எத்தனை செனட்டர்களிடம் பேச வேண்டும் என்பதை அதுதான் சொல்லும்.

8. இரண்டு அவையிலும் நிறைவேறியும் முடியாதபோது

ஒரு அவை திருத்தி அனுப்பினால் முதல் அவை அப்படியே ஏற்கலாம், இல்லாவிட்டால் இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் கான்ஃபரன்ஸ் கமிட்டி கேட்கலாம். அவைக்கு ஐந்து பேர், ஒவ்வொரு தரப்பிலும் மூன்று கையெழுத்தாவது வேண்டும். இங்கே பொது விசாரணையெல்லாம் இல்லை, பேச்சு நடப்பது வெளியே தெரியாது.

2015இல் எச்.பி. 910 கிட்டத்தட்டக் கவிழ்ந்தது இங்கேதான். வெளியே தெரியும் துப்பாக்கியைப் பார்த்த ஒரே காரணத்துக்காகக் காவலர்கள் அதை வைத்திருப்பவரை நிறுத்தி லைசென்ஸ் கேட்கக் கூடாது என்று ஹவுஸில் ஒரு திருத்தம். கொண்டுவந்தவர் ஹூஸ்டனின் ஹரால்ட் டட்டன், ஜனநாயகக் கட்சிக்காரர். குடியரசுக் கட்சியின் தீவிர வலதுசாரிகளும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். செனட் குழு அதை நீக்கியது, செனட் அவையில் டான் ஹஃபைன்ஸ் திரும்பச் சேர்த்தார், காவல்துறை அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன, கடைசியில் கான்ஃபரன்ஸ் கமிட்டி எடுத்துவிட்டது. அந்த அறிக்கையை இரு அவைகளும் ஏற்றது மே 29. கூட்டத்தொடர் முடிந்தது ஜூன் 1.

கான்ஃபரன்ஸ் அறிக்கையைத் திருத்த முடியாது, மொத்தமாக ஏற்பதா மறுப்பதா என்பதுதான் ஓட்டு. அறிக்கையோடு இரண்டு வடிவங்களையும் பக்கம் பக்கமாக ஒப்பிடும் அட்டவணை ஒன்று வரும், நேரம் இல்லாதவர்கள் அதை மட்டுமாவது படியுங்கள்.

9. ஆளுநர் மேசையும் அமலுக்கு வரும் நாளும்

கூட்டத்தொடர் நடக்கும்போது ஆளுநருக்கு ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள். கடைசி நாட்களில் வந்து சேர்ந்தவற்றுக்கு, கூட்டம் முடிந்ததிலிருந்து 20 நாள். கையெழுத்துப் போடாமல் விட்டாலும் சட்டமாகிவிடும். கூட்டம் முடிந்தபின் ரத்து செய்தால் மூன்றில் இரண்டு பங்கால் அதை முறியடிக்க அவையே கூடியிருக்காது, எதிர்ப்பவர்களுக்குக் கடைசி வாய்ப்பு இது. ஆளுநர் கிரெக் ஆபட் எச்.பி. 910இல் 2015 ஜூன் 13 அன்றும், எச்.பி. 1927இல் 2021 ஜூன் 16 அன்றும் கையெழுத்திட்டார்.

கையெழுத்தான அன்றே அமலுக்கு வந்துவிட்டது என்று எண்ணுவது ஆபத்தான தவறு. எச்.பி. 910 அமலுக்கு வந்தது 2016 ஜனவரி 1, எச்.பி. 1927 வந்தது 2021 செப்டம்பர் 1. நடுவில் உள்ள மாதங்களில் பழைய சட்டம்தான். இறுதி வடிவத்தின் கடைசிப் பிரிவில் தேதி இருக்கும், அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். தளத்தில் எந்த வடிவத்தைத் திறக்கிறீர்கள் என்பதும் முக்கியம்: என்குரோஸ்டு என்றால் ஒரு அவை மட்டும் நிறைவேற்றியது, என்ரோல்டு என்றால்தான் இறுதியானது.

கடை, உணவகம், கோயில் நடத்துபவர்கள் அந்த இடைவெளியில் அறிவிப்புப் பலகை வேலையை முடித்துவிடுங்கள். பலகைகளுக்குத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்களே பெயர்: லைசென்ஸ் உள்ளவர் மறைத்து எடுத்துவருவதைத் தடுக்க 30.06, வெளியே தெரிய எடுத்துவருவதைத் தடுக்க 30.07, இந்த இரண்டாவது எச்.பி. 910 கொண்டுவந்தது. லைசென்ஸ் இல்லாமல் எடுத்துவருபவர்களுக்கு 2021க்குப் பின் 30.05. சட்டம் சொல்லும் வாசகம் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், பின்னணியிலிருந்து பளிச்சென்று தெரியும் நிறத்தில், 30.06, 30.07 பலகைகளில் ஒரு அங்குலமாவது உயரமுள்ள எழுத்தில், வாசலில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். துப்பாக்கிப் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கரை லைசென்ஸ் உள்ளவருக்கான எழுத்து அறிவிப்பாகச் சட்டம் ஏற்பதில்லை.